நாலு ஸ்க்ரூ, நாலு சிவப்புக் கோடு

அத்தியாயம் 17

ஐந்து நாளாக விடாத மழை. புதுப்பட்டினத்தில் எந்த வீட்டுக் கொடியிலும் துணி காயவில்லை. ஊரே ஈர உள்பாவாடை வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தபோது, ஜெனிட்டா ஒருத்தி மட்டும் சிரித்த முகமாக நடமாடிக்கொண்டிருந்தாள். அதெல்லாம் நேற்று வரைக்கும். இன்று வியாழக்கிழமை.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக இரண்டே வரி. செங்கல்பட்டில் பல் டாக்டர் கிளினிக்கில் ஒன்பது வருஷம் சீட்டு எழுதிக் கொடுத்தவள் ஜெனிட்டா. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். அந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு, குவைத்திலிருந்து அண்ணன் அனுப்பிய துணி காயவைக்கும் மிஷினை நம்பி, விடுதித் துணிகளை வெளுத்துத் தரும் தொழிலில் இறங்கிவிட்டாள். மாமல்லபுரத்து நீலக்கரை விடுதியின் மேனேஜர் பார்த்தசாரதி மூன்று லோடு கொடுத்துச் சோதனை வைத்தார். இரண்டு லோடு போய் நல்ல பேரோடு திரும்பியாயிற்று. மூன்றாவது இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் ஒரு வருஷ ஆர்டர். சேராவிட்டால் திரும்பப் போகக் கிளினிக்கும் இல்லை. அந்த நாற்காலியில் வேறு பெண் உட்கார்ந்து பதினெட்டு நாள் ஆகிறது.

இரண்டு வரி என்று சொல்லிவிட்டு எத்தனை வரி ஆயிற்று பாருங்கள். ஜெனிட்டா கதை என்றால் எனக்கு அப்படித்தான் ஆகிவிடுகிறது.

காலை எட்டரைக்கு முதல் ஏழு படுக்கை விரிப்புகளை டிரையருக்குள் போட்டுக் கதவை மூடினாள். டிரம் சுற்றியது. எப்போதும் போல அதே சத்தம். அவள் அடுப்படிக்குப் போய் மாமியாருக்கு நாஸ்தா எடுத்து வைத்தாள். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து கையை விட்டவள் அப்படியே நின்றாள்.

விரிப்புகள் போட்டபோது எப்படி இருந்தனவோ அப்படியே ஈரமாக இருந்தன. ஐஸ் மாதிரி சில்லென்று வேறு இருந்தன.

“அத்த, இங்க வாங்களேன்!”

பாப்பா இட்லித் தட்டோடு வந்தாள். மாமியார், அதாவது புருஷன் ஆல்வினின் அம்மா. கருங்குழிப் பக்கம் முப்பது வருஷம் நாற்று நட்ட கை. கொஞ்ச நாளாக விரிப்பு மடிப்பதில் மருமகளையே மிஞ்சிவிட்டது அந்தக் கை.

“இன்னாம்மா, ஓடலியா?”

“ஓடுது. சுத்திகினுதான் கீது. சூடுதான் வரல.”

“நேத்து மத்தியானம் கூட நல்லா பொரிபொரின்னு எடுத்தியே?”

“அதான் எனக்கும் புரில.”

பயப்படுவதற்கு முன்னால் ஜெனிட்டா சுவரைப் பார்த்தாள். சுவரில் ஆல்வினின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘டிரையர் மக்கர் பண்ணினால்’ என்று தலைப்புப் போட்டு, கீழே ஏழு வரி. ஆல்வின் அணு ஆராய்ச்சி மையத்தில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். எதையும் வரிசைப்படி பார்க்க வேண்டும் என்பது அவனுக்கு வேதவாக்கு. டிரையருக்கென்று தனி ஒயர் இழுத்து, தனி டிரிப்பர் சுவிட்ச் வைத்து, மிஷினுக்கு மேல் மாதா படத்தையும் மாட்டி, “தைரியமா செய் ஜெனி, நா கீறேன்ல” என்று சொன்னவன் அவன்தான்.

முதல் வரி கதவைப் பற்றியது. திறந்து மூடினாள். ‘டொக்’ என்று சரியாகவே பூட்டியது.

இரண்டாவது வரி பஞ்சு வலை. வாசல் பக்கத்துச் சல்லடையை உருவினாள். விரல் கனத்துக்கு வெள்ளைப் பஞ்சு படிந்திருந்தது. பஞ்சு அடைத்துக்கொண்டால் காற்று போகாது, காற்று போகாவிட்டால் மிஷின் காயவைக்காது. உரித்துப் போட்டுவிட்டு சல்லடையைக் குழாயடியில் காட்டித் துடைத்து மாட்டினாள்.

“இம்மாம் பஞ்சா! ஒரு தலகாணி தெச்சிடலாம் போலக்கீதே” என்றாள் பாப்பா.

மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். சூடு இல்லை.

மூன்றாவது வரி, ஈரக் காற்றை வெளியே தள்ளும் குழாய். ஜெனிட்டா தலையில் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். சுவர் ஓட்டையில் குழாயின் வாய்க்குள் குச்சியை விட்டாள். என்னவோ நகர்ந்தது. இன்னொரு தடவை விட்டதும் ஒரு தவளை ‘தொபுக்’ என்று அவள் காலடியில் குதித்தது.

“அத்த! தவள!”

உள்ளேயிருந்து பாப்பாவின் சிரிப்பு கேட்டது. “மழைக்கு ஒண்ட எடம் தேடி வந்து குந்திகினு இருந்திருக்கு. அதப் போயி தொரத்திட்டியே!”

ஜெனிட்டாவும் சிரித்துவிட்டாள். தவளைதான் வில்லன் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். ஓடி வந்து மிஷினைப் போட்டு, டிரம்முக்குள் கை வைத்துக் காத்திருந்தார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று. சில்லென்ற காற்றுதான் வந்தது.

சிரிப்பு நின்றது.

நாலாவது வரிப்படி துணியைக் குறைத்து மூன்றே விரிப்புப் போட்டாள். ஐந்தாவது வரிப்படி முன்னால் இருக்கும் திருகைப் பார்த்தாள். தவறிப்போய் ‘சூடில்லாக் காற்று’ பக்கம் திரும்பியிருக்கிறதா? இல்லை, பருத்திக்கு நேராகத்தான் இருந்தது. ஆறாவது வரி கரண்ட். டிரையர் ஒயரைப் பிடுங்கிவிட்டு அதே பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினாள். இரண்டே நிமிஷத்தில் பெட்டி சுட்டது. அப்படியானால் கரண்டும் ஒழுங்காகத்தான் வருகிறது.

மணி பத்தே முக்கால். இருபத்து நாலு விரிப்பும் இருபத்து நாலு தலையணை உறையும் பக்கெட்களில் முறுக்கிக் கிடந்தன.

ஏழாவது வரி: ‘இதிலும் பிடிபடவில்லை என்றால் நீ கை வைக்காதே. என்னைக் கூப்பிடு.’

கூப்பிட்டாள்.

“இன்னா ஜெனி?”

“மிஷினு சுத்துதுங்க. சூடு வரல.”

“பஞ்சு எடுத்தியா?”

“எல்லாம் பாத்துட்டேன். ஆறு வரியும் பாத்துட்டேன். குழாயில தவள கூட இருந்துச்சு, எடுத்துட்டேன்.”

“அப்போ ஹீட்டர் காயிலு பூட்டிருக்கும். மெட்ராஸ்லேர்ந்துதான் வரணும். நாலு நாளாவது ஆவும்.”

“நாலு நாளா? இன்னிக்கு அஞ்சு மணிக்குங்க!”

“இன்னா பண்றது, மிஷினுன்னா அப்பிடித்தான்.”

“பின்னாடி தொறந்து பாக்கட்டா? நீங்க போன்ல சொல்லுங்க, நா...”

“வாணாம்!” குரல் சட்டென்று ஏறியது. பிறகு இறங்கியது. “ஷாக் அடிச்சிடும்மா. நா மாட்டினதுலேர்ந்து அத யாருமே தொறக்கல. நீ போயி கைய வெக்காத. பார்த்தசாரதிகிட்ட நீ ஒண்ணும் பேச வாணாம், நானே போன் பண்ணி சொல்லிக்கிறேன். உனக்கு எதுக்கு பேஜாரு? போயி செத்த நேரம் படு.”

“ரெண்டு மணி வரிக்கும் பொறுங்க. அப்புறம் பண்ணுங்க.”

போனை வைத்துவிட்டு அழுதாள். அழுதுகொண்டே, எவ்வளவு நல்ல மனுஷன், நம் கஷ்டம் அவரைப் போய்ச் சேருகிறதே என்று வேறு நினைத்துக்கொண்டாள். இதை எழுதும்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

நாலு நாள் என்று சொன்னால் கேட்டுக்கொண்டு படுத்துவிடுகிறவளா ஜெனிட்டா? காயில் எந்த மாடல் என்று தெரிந்தால் மெட்ராஸில் தானே நாலு கடைக்குப் போன் போடலாம், மத்தியான பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டாள். மாடல் நம்பர் மிஷினின் முதுகில்தான் ஒட்டியிருக்கும். டிரிப்பரை அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, மாமியாரும் மருமகளுமாக மிஷினை ஒரு முழம் முன்னால் இழுத்தார்கள். ஜெனிட்டா சுவருக்கும் மிஷினுக்கும் நடுவில் புகுந்து டார்ச் அடித்தாள்.

நம்பர் தெரிந்தது. அதற்குக் கீழே பின்பலகையின் நாலு மூலையிலும் நாலு ஸ்க்ரூ. நாலிலும் சிவப்புக் கோடு.

இந்த இடத்தில் ஆல்வினுடைய ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அவன் எந்த ஸ்க்ரூவை முடுக்கினாலும், அதன் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரைக்கும் பெயின்டால் ஒரு கோடு போடுவான். ஸ்க்ரூ தளர்ந்து துளி திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். வேலை செய்யும் இடத்தில் படிந்த வழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. முதல் தடவை முடுக்கினால் மஞ்சள். ஒரு தடவை கழற்றித் திரும்ப மாட்டினால் சிவப்பு. அந்த வீட்டு ஃபேனில் மஞ்சள் கோடு, மிக்ஸியில் சிவப்புக் கோடு, கட்டில் காலில்கூட மஞ்சள் கோடு. கல்யாணமான புதிதில் இதைச் சொல்லி ஜெனிட்டா எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறாள்.

டிரையரை மாட்டிய அன்று அவன் மஞ்சள் கோடு போட்டபோது பக்கத்தில் டார்ச் பிடித்தவளே அவள்தான்.

இப்போது அந்த மஞ்சள் கோடுகள் உடைந்து, பாதி ஒரு பக்கமும் பாதி ஒரு பக்கமுமாகக் கிடந்தன. அவற்றின் மேல் புதுச் சிவப்பு. பெருவிரலை வைத்துப் பார்த்தாள். விரலில் ஒட்டியது. இந்த மழையில் துணி மட்டுமா காயவில்லை, பெயின்டும் காயவில்லை.

‘நா மாட்டினதுலேர்ந்து அத யாருமே தொறக்கல.’

நேற்று சாயங்காலம் மாமியாரும் மருமகளும் நாத்தனார் மார்கரெட் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். தலைவலி என்று சொல்லி ஆல்வின் வரவில்லை. வீட்டில் தனியாக இருந்தான்.

“இன்னாம்மா, அங்கியே நின்னுட்ட?” என்றாள் பாப்பா.

“ஸ்க்ரூ டிரைவர் எடுங்க அத்த.”

நாலையும் கழற்றினாள். பலகையை எடுத்து டார்ச்சை உள்ளே காட்டினாள். ஹீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு ஒயர்கள் அந்தரத்தில் நின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சாமானைக் காணோம். சூட்டு ப்யூஸ். கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். மிஷின் அளவுக்கு மீறிச் சுட்டால் அது அறுந்து ஹீட்டரை நிறுத்தும். அது இல்லையென்றால் டிரம் சுற்றும், சூடு வராது. மாட்டிய அன்றைக்கு ஆல்வினே காட்டிச் சொல்லிக் கொடுத்தது இது.

அந்தரத்தில் நின்ற இரண்டு ஒயர் முனையிலும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அழகாக, மூன்று சுற்று, முனையை மடித்துவிட்டு.

அவளுக்கு ஷாக் அடித்துவிடக் கூடாதாம். அவள் பிழைப்பைப் பிடுங்கிய கை, அவள் உயிருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று டேப் சுற்றியிருக்கிறது. அந்த டேப்பைப் பார்த்தபோதுதான் ஜெனிட்டாவுக்கு வலித்தது. ப்யூஸ் இல்லாததைப் பார்த்தபோதுகூட அப்படி இல்லை.

“ரிப்பேர் பாக்கறதுக்குக் கழட்டியிருப்பான்மா” என்றாள் பாப்பா. சொல்லும்போதே அவளுக்கு அது ஒட்டவில்லை. “ரெண்டு ஒயரையும் முறுக்கி வுட்டா ஓடாதா? கரண்டு கம்பத்துல அப்பிடித்தான பண்றானுங்க?”

“ஓடும் அத்த. ஆனா சூடு ஏறிப்போனா நிக்காது. வூடே எரிஞ்சிடும். அந்த ப்யூஸேதான் வேணும்.”

ஆல்வின் நல்ல சாமானைத் தூக்கி எறிகிறவன் இல்லை. அது அவளுக்குத் தெரியும். கட்டிலுக்கடியிலிருந்து அவனுடைய டூல்ஸ் பெட்டியை இழுத்தாள். மேல்தட்டைத் தூக்கினாள். கழற்றிய ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சின்னக் கவர், கவர் மேல் பெயர், தேதி, நிலைமை. ‘மிக்ஸி பிரஷ் – தேய்ந்தது.’ ‘ஃபேன் கன்டென்சர் – வீக்.’ எல்லாவற்றுக்கும் மேலாக, புதுசாக ஒன்று:

‘டிரையர் சூட்டு ப்யூஸ். 14.11.2007. நல்லது.’

நல்லது! இந்த ஒரு வார்த்தையையும் எழுதிவிட்டுத்தான் மனுஷன் மூடி வைத்திருக்கிறான். திருட்டு வேலையில்கூட அவனுக்கு ஒழுங்கு.

பாப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. மருமகள் முகத்தைப் படித்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“வரட்டும் அவன். நா கேக்கறேன்.”

“நீங்க கேக்க வாணாம் அத்த. நானே கேட்டுக்கறேன். மூஞ்சப் பாத்துதான் கேக்கணும்.”

டேப்பை உரித்தாள். ப்யூஸின் இரண்டு காதிலும் ஒயரைச் சொருகினாள். பலகையை மாட்டி முடுக்கினாள். சிவப்புக் கோடுகள் ஆளுக்கொரு திசையில் நின்றன. அவற்றை நேராக்க அவள் மெனக்கெடவில்லை. மிஷினைப் பின்னால் தள்ளி, ஒயரைச் சொருகி, டிரிப்பரைப் போட்டாள்.

ஐந்து நிமிஷம் ஓடவிட்டுக் கதவைத் திறந்தபோது வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. மணி பன்னிரண்டு.

அதற்கப்புறம் இரண்டு பொம்பளைகளும் பேசிக்கொள்ளவில்லை. வேலை அப்படி. முக்கால் மணிக்கு ஒரு ஈடு. எடுக்கும்போதே பாப்பா ஒரு முனை, ஜெனிட்டா ஒரு முனை, உதறி, இழுத்து, மடித்து, அடுத்த ஈட்டைப் போட வேண்டும். சோறு ஆறிப் போயிற்று. மடிப்பு மட்டும் கத்தி மாதிரி விழுந்தது.

சரியாக இரண்டு மணிக்கு ஆல்வின் கூப்பிட்டான்.

“பார்த்தசாரதிகிட்ட சொல்லிடட்டா ஜெனி?”

பக்கத்தில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று அவள் வாசலுக்கு நடந்தாள்.

“நீங்க சொல்ல வாணாம். நானே நேர்ல போயி சொல்லிக்கறேன்.”

“நேர்லயா? இந்த மழையில எதுக்கு? நா கீறேன்ல!”

“நேர்ல சொல்றதுதான் மரியாத” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நாலே காலுக்குக் கடைசி உறை மடிந்தது. பிளாஸ்டிக் தாளில் மூன்று மூட்டை கட்டி ஆட்டோவில் ஏற்றினாள். “நானும் வரட்டா?” என்றாள் பாப்பா. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். கூடவே ப்யூஸ் இருந்த அந்தக் காலிக் கவரையும் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். ஏன் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நீலக்கரை விடுதி வாசலில் ஆட்டோ நின்றது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் ஜெனிட்டா நினைத்தாள். வீட்டில் எரிகிறதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆர்டர் என்று மனசைக் கெட்டிப்படுத்திக்கொண்டு உள்ளே போனாள்.

பார்த்தசாரதி அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“அடடா, நீங்க எதுக்கும்மா வந்தீங்க? உடம்பு எப்படி இருக்கு?”

“எனக்கு இன்னா சார்? நல்லாத்தான் கீறேன். மூணாவது லோடு எடுத்தாந்திருக்கேன்.”

அவர் மூட்டைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு மூட்டையைப் பிரித்து விரிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மழைக்கால வாடை துளி இல்லை.

“ரொம்ப நல்லா இருக்கேம்மா! அப்புறம் ஏன் உங்க வீட்டுக்காரர் அப்படிச் சொன்னார்?”

“எப்பிடி?”

“நேத்து போன் பண்ணாரே. உங்களுக்கு முதுகுத் தண்டு வலி, டாக்டர் தண்ணியிலயே கை வைக்கக் கூடாதுன்னுட்டாரு, இந்த லோடு வராது, இனிமே வேற ஆள் பாத்துக்குங்கன்னார். உங்களுக்குப் போன் பண்ணி விசாரிக்கவும் வேணாம், மனசு கஷ்டப்படுவீங்கன்னார். நானும் அவசரத்துல செங்கல்பட்டு ஆளுக்கு வருஷ ஆர்டரைப் பேசிட்டேனே!”

ஜெனிட்டா விரிப்பை அவர் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தாள்.

“நேத்து எத்தினி மணிக்கு சார்?”

அவர் செல்போனை எடுத்துப் பார்த்தார். “அஞ்சேகால்.”

ஐந்தேகால். ஜெபக்கூட்டத்துக்கு அவர்கள் கிளம்பியது ஆறரைக்கு. அந்த இடைவெளியில்தான் அவன் அவள் கையால் காபி வாங்கிக் குடித்தான். தலைவலிக்குத் தைலம் கேட்டான். அவளே தடவிவிட்டாள்.

“செங்கல்பட்டு வண்டி திருக்கழுக்குன்றம் தாண்டி தண்ணியில நிக்குதாம்” என்று பார்த்தசாரதி சொல்லிக்கொண்டிருந்தார். “ஆறு மணிக்கு டூரிஸ்ட் பஸ் வருது. இன்னிக்கு நீங்கதான் மானத்தைக் காப்பாத்தினீங்க. ஆனா வாக்குக் கொடுத்துட்டேனேம்மா. ஓனர்கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாக்கறேன். நிச்சயமா எதுவும் சொல்ல முடியாது.”

“பேசிப் பாருங்க சார்” என்றாள். குரல் யாருடையதோ மாதிரி கேட்டது.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பஸ் இன்னும் வரவில்லை. ஆல்வினின் பைக் வந்தது. மழைக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட இறங்கினான். அம்மா போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“ஜெனி, வண்டில ஏறு. வூட்ல போயி பேசிக்கலாம்.”

“இங்கியே பேசு.”

‘நீங்க’ எங்கே போயிற்று என்று அவளும் தேடவில்லை, அவனும் கேட்கவில்லை.

“ஆபீஸ் பஸ்ல அப்பாசாமி எல்லார் எதிர்லயும் கேட்டான் ஜெனி. ‘ஆல்வினு, எங்க வூட்டுப் போர்வையும் குடுத்தனுப்பட்டா, வெளுத்துத் தருவீங்களா’ன்னு. பஸ்ஸே சிரிச்சுது. எங்கம்மா அடுத்தவன் கழனில குனிஞ்சு குனிஞ்சு முதுகு ஒடிஞ்சாங்க. அதெல்லாம் போதும்னுதான நா படிச்சு இந்த வேலைக்கு வந்தேன்? இப்போ என் பொண்டாட்டி எவனோ படுத்து எழுந்த துணிய அலசிகினு கீறான்னா... எங்கம்மாவ நெனச்சாவது...”

“அத்தய இழுக்காத. காலையிலேர்ந்து என்கூட நின்னு மடிச்சது அவங்கதான். அவங்களுக்கு வெக்கம் இல்ல. வெக்கம் உனக்கு. அத என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். அழுதிருப்பேன். ஒருவேள வுட்டுக்கூட இருப்பேன். நீதான ஒயரு இழுத்த? மாதா படம் மாட்டின?”

“அப்போ இவ்ளோ பெருசா ஆவும்னு நெனக்கல.”

அவள் நிதானமாகக் கேட்டாள்.

“அவருக்கு எப்போ போன் பண்ண?”

“நேத்து... அஞ்சேகாலு.”

“ப்யூஸ எப்போ கழட்டின?”

“நீங்க ஜெபத்துக்குப் போனப்புறம். ஏழு மணி இருக்கும்.”

“அஞ்சேகாலுக்கே என் ஆர்டரு பூடுச்சு. உன் வேல முடிஞ்சுது. அப்புறம் ஏழு மணிக்கு எதுக்கு அதக் கழட்டின?”

மழை அவன் கோட்டில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது.

“சொல்லு.”

“ஆர்டரு போனதுக்கு ஒரு காரணம் வேணும்ல உனக்கு” என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. “மிஷினு கெட்டுச்சு, டயத்துக்குக் குடுக்க முடில, அதான் பூடுச்சுன்னு நீயே நெனச்சுக்குவ. மிஷின திட்டுவ. இல்ல, நமக்கு ராசி இல்லன்னு உன்னையே திட்டிக்குவ. நாந்தான்னு தெரிஞ்சா... நீ என்ன வுட மாட்டியே ஜெனி.”

காலையில் அவள் மழையில் குச்சியோடு நின்று தவளையை விரட்டியது ஞாபகம் வந்தது. பஞ்சை உரித்தது, விரிப்பைக் குறைத்தது, இஸ்திரிப் பெட்டியைச் சொருகியது, ஆறு வரியையும் ஒன்று விடாமல் பார்த்தது. தோற்றுப் போன ஆட்டத்தை அவள் ஓடி ஓடி ஆட வேண்டும், ஆடி முடித்துவிட்டு ‘என் தப்புதான்’ என்று படுத்து அழ வேண்டும், அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட வேண்டும். அதற்காகத்தான் அந்த டேப்பும், அந்தக் கவரும்.

சாலைத் திருப்பத்தில் பஸ் விளக்கு தெரிந்தது. ஜெனிட்டா ரவிக்கையிலிருந்து கவரை எடுத்து அவன் கையில் வைத்தாள். மழைத் துளி பட்டு எழுத்து கலைய ஆரம்பித்தது. ‘நல்லது’ மட்டும் இன்னும் படிக்கும்படி இருந்தது.

“ஜெனி, வூட்டுக்கு வா ஜெனி.”

“வூட்டுக்குத்தான் போறேன். என் மிஷினு அங்கதான கீது.”

ஏறிவிட்டாள். பஸ் கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே பைக்கும் அவனும் சின்னதாகிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்து சீட்டு அம்மா “இன்னாம்மா?” என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்லக்கா, மழ” என்றாள்.

சட்ராஸ் தாண்டும்போது போன் அடித்தது. ஆல்வின். அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவையும் அவன்தான். எடுக்கவில்லை.

மூன்றாவது தடவை அடித்தபோது அணைத்துவிடலாம் என்றுதான் போனைக் கையில் எடுத்தாள். நீலக்கரை விடுதி என்று காட்டியது.

பெருவிரலில் அந்தச் சிவப்பு இன்னும் போகவில்லை. அந்த விரலாலேயே அமுக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சொல்லுங்க சார்” என்றாள்.